வீட்டில் வீடியோ எடிட்டிங்: சரியான ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

வீட்டில் எடிட்டிங் தொடங்குகிற பலர் முதலில் கடைக்குப் போகிறார்கள், அப்புறம்தான் தங்கள் வீடியோவைப் பற்றி யோசிக்கிறார்கள். "எடிட்டிங்குக்கு நல்ல ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால், அன்றைக்குக் கடையில் இருப்பதில் பெரியது கைக்கு வரும். அது மோசமான டிஸ்க்காக இருக்காது. ஆனால் உங்கள் வேலைக்குப் பொருந்துமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இந்த வழிகாட்டியில் வாங்குவது ஏழாவது படியாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஆறுக்கும் காசு செலவில்லை. அவற்றைத் தாண்டிக் குதிப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

தொடங்கும் முன் மூன்று விஷயங்களைத் தயாராக வையுங்கள். உங்கள் கேமராவிலோ போனிலோ எடுத்த அசல் கிளிப் ஒன்று (வாட்ஸ்அப்பில் வந்தது கூடாது, அது சுருக்கப்பட்டது). உங்கள் கணினியின் சரியான மாடல் எண். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள்.

1. வீடியோவின் பிட்ரேட்டைப் பாருங்கள்

அசல் கிளிப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்தால் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு தரவு என்பது, தெரியும். அது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று இருக்கும். டிஸ்க்கின் வேகமோ நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று எழுதப்படும். 8 பிட் சேர்ந்தது 1 பைட், எனவே பிட்ரேட்டை 8-ஆல் வகுத்த பிறகே இரண்டையும் ஒப்பிட முடியும். 100 மெகாபிட் வீடியோ டிஸ்க்கிடம் கேட்பது நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இடம் என்பதற்குச் சுருக்கு வழி உண்டு: மெகாபிட் எண்ணை 0.45-ஆல் பெருக்குங்கள், ஜிபி கிடைக்கும். 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி.

நடைமுறையில் வருகிற அளவுகள் இவை. பழைய மினிடிவி கேசட்டைக் கணினியில் ஏற்றினால் மணிக்குச் சுமார் 13 ஜிபி. ஐபோனில் எச்.265 என்ற சுருக்கு முறையில் 30 ஃபிரேமில் எடுத்த 4கே, நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி, மணிக்குச் சுமார் 10 ஜிபி. மிரர்லெஸ் கேமராக்களின் 100 மெகாபிட் 4கே, மேலே சொன்ன 45 ஜிபி. குறைவாகச் சுருக்கும் புரோரெஸ் 422 எச்க்யூ முறையில் 30 ஃபிரேம் 4கே என்றால் மணிக்குச் சுமார் 400 ஜிபி. முதலுக்கும் கடைசிக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால்தான், "எனக்கு எத்தனை டிபி வேண்டும்" என்ற கேள்விக்கு வெறுமனே பதில் சொல்ல முடிவதில்லை.

2. திக்குவதற்குக் காரணம் டிஸ்க்தானா என்று சோதியுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். டைம்லைன் (எடிட்டிங் மென்பொருளில் கிளிப்களை அடுக்கும் பட்டை) திக்கித் திக்கி ஓடுகிறது, அதனால் வேகமான டிஸ்க் வேண்டும் என்று வருபவர்களில் பலருக்குப் பிரச்சினை டிஸ்க்கில் இல்லை. எச்.265 வீடியோ மிகவும் சுருக்கப்பட்டது. அதை விரித்துக் காட்டும் வேலை பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உரியது. டிஸ்க்கில் எவ்வளவு செலவழித்தாலும் அந்த வேலை குறையாது.

விண்டோசில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை வைத்துக்கொண்டு டைம்லைனை ஓட்டுங்கள். வீடியோ இருக்கிற டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் டிஸ்க் காரணம். டிஸ்க் 10, 20 சதவீதத்தில் இருக்க, பிராசசர் 100-ஐத் தொட்டால் டிஸ்க் காரணமில்லை.

குறிப்பாக நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் 10 பிட் 4:2:2 எச்.265 எடுக்கும் கேமரா இருந்தால் கவனியுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளேயே வரும் கிராபிக்ஸ் அதை விரிக்கும், ஆப்பிளின் எம் வரிசை சிப்களும் விரிக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் விரிக்காது. இதற்கு மருந்து ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்வதற்காக மட்டும் உருவாக்கும் எளிதான நகல். அதற்கும் இடம் வேண்டும் என்பதை அடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

3. வேலைகளைப் பிரியுங்கள்

எடிட்டிங்கில் டிஸ்க்குக்கு மூன்று வேலைகள். ஒன்று, விண்டோசும் மென்பொருளும் குடியிருக்கும் இடம். இரண்டு, இப்போது எடிட் செய்துகொண்டிருக்கும் ஃபுட்டேஜ், கேச் (மென்பொருள் தற்காலிகமாக எழுதிவைக்கும் கோப்புகள்), ப்ராக்ஸி எல்லாம் இருக்கும் வேலைக்களம். மூன்று, முடித்த வேலைகளையும் அசல் ஃபுட்டேஜையும் பல ஆண்டு வைத்திருக்கும் கிடங்கு.

மூன்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் என்ன ஆகும்? சுழலும் டிஸ்க்கில் படிக்கும் தலை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய 10 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. நான்கு கேமரா மல்டிகேம் டைம்லைன், தலா 100 மெகாபிட் என்றால் மொத்தம் நொடிக்கு 50 மெகாபைட்தான். காகிதத்தில் எந்த ஹார்ட் டிஸ்க்கும் அதைத் தாங்கும். ஆனால் தலை நான்கு இடங்களுக்குத் தாவிக்கொண்டே கேச்சையும் எழுத வேண்டும் என்றால் தடுமாறும். எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் பாகமில்லாமல் சிப்களில் எழுதும் டிஸ்க்கில், தாவுவதற்குத் தலையே இல்லை.

எனவே வீட்டு எடிட்டருக்கு நான் சொல்வது இதுதான்: வேலைக்களத்துக்கு எஸ்எஸ்டி, கிடங்குக்கு ஹார்ட் டிஸ்க். பணம் குறைவாக இருந்தால் இரண்டையும் சிறியதாக வாங்குங்கள். ஒன்றைப் பெரியதாக வாங்கி எல்லா வேலையையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

4. கொள்ளளவைக் கணக்கிடுங்கள்

ஒரு காதணி விழாவை எடுத்துக்கொள்வோம். இரண்டு கேமரா, தலா 3 மணி நேரம், 100 மெகாபிட். மொத்தம் 6 மணி நேரம், 270 ஜிபி. இதற்கு 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி உருவாக்கினால் மணிக்கு 20 ஜிபி வீதம் இன்னொரு 120 ஜிபி. கேச், இசை, எக்ஸ்போர்ட் செய்த கோப்புகள் என்று ஒரு 60 ஜிபி வையுங்கள். ஆக 450 ஜிபி.

இப்படி இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தால் 900 ஜிபி. 1 டிபி எஸ்எஸ்டி போதும் என்று தோன்றும், போதாது. டிஸ்க் நிறுவனங்கள் 1 டிபி என்பதை ஆயிரங்களில் எண்ணுகின்றன, விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது, அதனால் 1 டிபி டிஸ்க் திரையில் 931 ஜிபி என்று காட்டும். போதாக்குறைக்கு எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பினால் எழுதும் வேகம் விழும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். இந்தக் கணக்குக்கு 2 டிபி சரி.

கிடங்குக்கு ப்ராக்ஸியும் கேச்சும் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கலாம். அசல், புராஜெக்ட் கோப்பு, இறுதி வீடியோ மூன்றும் போதும். இந்த விழாவுக்குச் சுமார் 300 ஜிபி. ஆண்டுக்கு இப்படி 10 வேலை செய்வீர்கள் என்றால் 3 டிபி. இரண்டு ஆண்டுக்குத் திட்டமிட்டு 8 டிபி வாங்கலாம். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து இப்போதே வாங்க வேண்டாம், அது வரை சும்மா சுழன்று கரைவது டிஸ்க்கின் ஆயுள்தான்.

5. எந்த வகை என்று முடிவெடுங்கள்

முதலில் எஸ்எஸ்டி. சேட்டா என்ற பழைய இணைப்பு வகை நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை போகும். என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு வகையில் மூன்றாம் தலைமுறை 3500, நான்காம் தலைமுறை 7000 வரை. போன், மிரர்லெஸ் ஃபுட்டேஜுக்குச் சேட்டாவே தாராளம். புரோரெஸ், ரா (கேமரா பதப்படுத்தாமல் தரும் வீடியோ) என்று போனால்தான் என்விஎம்இ அவசியமாகிறது. இரண்டும் ஒரே விலை என்றால் என்விஎம்இ வாங்குங்கள். அதிக வேகத்துக்குக் கூடுதல் பணம் கேட்டால், அந்தப் பணத்தைக் கொள்ளளவுக்குக் கொடுங்கள்.

பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வேகத்தைவிட முக்கியமானது, உள்ளே இருக்கும் சிப் டிஎல்சியா (ஒரு செல்லில் 3 பிட்) க்யூஎல்சியா (4 பிட்) என்பது. எஸ்எஸ்டி முதலில் ஒரு வேகமான கேச் பகுதியில் எழுதும். அது நிரம்பியதும் உண்மை வேகம் வெளியே வரும். மலிவான க்யூஎல்சி அப்போது ஹார்ட் டிஸ்க் அளவுக்கு, சில சமயம் அதற்கும் கீழே இறங்கிவிடும். 20 ஜிபி நகலெடுப்பவருக்கு இது தெரியவே தெரியாது. 270 ஜிபி விழா ஃபுட்டேஜை ஒரே மூச்சில் ஏற்றுகிற உங்களுக்குத் தெரியும். வேலைக்களத்துக்கு டிஎல்சி வாங்குங்கள்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். இங்கே கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி, சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆரில் ஓட்டுக் கூரையில் ஒரு வரிசை அடுத்த வரிசையின் மேல் ஏறி அமர்வதுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறியிருக்கும். நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதைத் தொட்டிருக்கும் அடுத்தடுத்த தடங்களையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். அதனால் படிப்பது சாதாரணமாக இருக்கும், நிறைய எழுதும்போது மட்டும் வேகம் திடீரென்று பாதாளத்துக்குப் போகும்.

இதை நிறுவனங்கள் எப்போதும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில் எஸ்எம்ஆர் பயன்படுத்தியது 2020-இல்தான் வெளியே வந்தது. அதன் பிறகு சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர். சாதாரண பாரக்குடா வரிசையில் 2 முதல் 8 டிபி வரை பெரும்பாலும் எஸ்எம்ஆர். இரு நிறுவனங்களின் தளத்திலும் மாடல் எண்ணை வைத்துப் பார்க்கலாம். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், அவரிடமும் அந்தத் தகவல் இருக்காது.

ஒரு முறை எழுதி அப்படியே பூட்டி வைக்கும் கிடங்குக்கு எஸ்எம்ஆர் பரவாயில்லை. அதன் மேல் எடிட் செய்யப்போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

சுழல்வேகம் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். எஸ்எஸ்டி இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலேயே எடிட் செய்யும் நிலை என்றால் நிமிடத்துக்கு 7200 சுற்று சுழல்வதை வாங்குங்கள். கிடங்குக்கு 5400 போதும், சூடும் சத்தமும் குறைவு.

பாக்கெட்டில் போகும் 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இன்று எஸ்எம்ஆர். பலவற்றில் யுஎஸ்பி முனை உள்ளிருக்கும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். முனை உடைந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்க்கக்கூட வழியில்லை. ஃபுட்டேஜை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக அவை சரி, ஒரே நகலை வைக்கும் இடமாக அல்ல.

சிசிடிவிக்கான பர்ப்பிள், ஸ்கைஹாக் டிஸ்க்குகளைக் கடையில் நீட்டுவார்கள், நம் ஊரில் அவைதான் எப்போதும் கையிருப்பில் இருக்கும். பல கேமராக்களிலிருந்து நாள் முழுக்க எழுதுவதற்காகச் செய்யப்பட்டவை அவை. கிடங்குக்கு வைத்துக்கொள்ளலாம். "வீடியோவுக்கே ஸ்பெஷல்" என்று சொன்னால் அது கண்காணிப்பு வீடியோவுக்கு, எடிட்டிங்குக்கு அதனால் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை.

6. போர்ட்டையும் கேபிளையும் சரிபாருங்கள்

டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. அதே வடிவத்துக்குள் யுஎஸ்பி 2-உம் இருக்கலாம், மிக வேகமான தண்டர்போல்ட் இணைப்பும் இருக்கலாம். யுஎஸ்பி 2 நடைமுறையில் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது. 5 ஜிகாபிட் போர்ட் சுமார் 400 மெகாபைட் தரும், 10 ஜிகாபிட் சுமார் 1000 தரும். உங்கள் லேப்டாப் எது என்பதை மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள்.

20 ஜிகாபிட் என்று எழுதிய போர்ட்டபிள் எஸ்எஸ்டி வாங்க நினைத்தால் கணினியிலும் அதே 20 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அதிகபட்சம் 10-இல்தான் ஓடும், மேக்புக் வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

புதியவர்கள் விழும் இன்னொரு குழி, போன் சார்ஜர் கேபிள். எஸ்எஸ்டியோடு வந்த சிறிய கேபிளை எங்கோ வைத்துவிட்டு, போனுக்கு வந்த நீளமான கேபிளைச் செருகுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2. 1000 மெகாபைட் டிஸ்க் 40-க்கு இறங்கிவிடும், டிஸ்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். டிஸ்க்கோடு வந்த கேபிளில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

லேப்டாப்புக்குள் எம்.2 என்ற சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டி போடுவதாக இருந்தால், அந்த இடம் என்விஎம்இ ஏற்குமா, சேட்டா மட்டும்தானா என்று பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இருப்பதால் மாற்றி வாங்குவது சகஜம்.

7. வாங்குங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பெரிய கணினி நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த டிஸ்க் என்றால் தனி வாரண்டி இல்லை என்று வரும். விலை குறைவாக இருப்பதன் காரணம் அப்போதுதான் புரியும்.

ஆன்லைனில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கு "16 டிபி எஸ்எஸ்டி" என்று வருபவை எல்லாமே போலி. உள்ளே சிறிய மெமரி கார்டு இருக்கும், கணினியிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகும் நகல் ஓடுவதுபோலவே காட்டும். உங்கள் கோப்புகளின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

8. ஃபுட்டேஜ் போடும் முன் சோதியுங்கள்

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறங்கள். புதிய டிஸ்க்கில் ஓடிய மணி நேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும், அவை பழுதான பகுதிகளைக் காட்டுபவை. சி7 ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. சீகேட் டிஸ்க்கில் 01, 07 வரிகளில் பெரிய எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது அவர்கள் எண்ணும் முறை.

அப்புறம் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் எழுதிப் படித்துப் பாருங்கள். மேக்கில் எஃப்3. நொடிக்கு 150 மெகாபைட் வீதம் 4 டிபி எழுத ஏழரை மணி நேரம் ஆகும், படிக்க இன்னொரு மடங்கு. ஓர் இரவும் பகலும் ஓடட்டும். மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் பழுது தெரிந்துவிட்டால் டிஸ்க்தான் போகும், விழா வீடியோ போகாது.

9. ஃபார்மட் செய்யுங்கள்

விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக் மட்டும் என்றால் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ். இரண்டுக்கும் மாறி மாறிப் போகும் என்றால் எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், தானாக எழுதாது. ஃபேட்32 வேண்டாம், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு பலவீனம் உண்டு. பாதியில் நின்றுபோன எழுதும் வேலையைச் சரிசெய்ய அதனிடம் பதிவேடு இல்லை, அதனால் இஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் முழு டிஸ்க்குமே படிக்க முடியாமல் போகலாம். இதையொட்டி ஒன்று: 3.5 அங்குல வெளி டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் செத்துவிடும். அந்த அடாப்டரை யுபிஎஸ்ஸில் செருகுங்கள்.

விண்டோசில் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக வேலைக்கள டிஸ்க்குக்கு ஒரு நிலையான டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். இன்று ஈ, நாளை எஃப் என்று மாறினால் எடிட்டிங் மென்பொருள் எல்லாக் கிளிப்பையும் காணோம் என்று சிவப்பில் காட்டும்.

10. மென்பொருளுக்கு இடத்தைச் சொல்லுங்கள்

டாவின்சி ரிசால்வில் பிரிஃபரன்சஸ் உள்ளே மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலில் இருக்கும் இடத்தில்தான் கேச் எழுதப்படும். அங்கே வேலைக்கள எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். பிரீமியரில் பிரிஃபரன்சஸ் உள்ளே மீடியா கேச். இதைச் செய்யாவிட்டால் கேச் எல்லாம் சி டிரைவில் போய்ச் சேர்ந்து, ஒரு நாள் எக்ஸ்போர்ட் நடுவில் இடமில்லை என்று நின்றுவிடும்.

ஃபோல்டர்களையும் இப்போதே அமையுங்கள்: வேலையின் பெயரில் ஒன்று, அதற்குள் ஃபுட்டேஜ், ஒலி, புராஜெக்ட், எக்ஸ்போர்ட். முழுவதும் ஏற்றிய பிறகுதான் மென்பொருளில் இறக்குமதி செய்ய வேண்டும். மெமரி கார்டிலிருந்தே நேராக டைம்லைனில் இழுத்துப் போடுபவர்கள் கார்டைக் கழற்றியதும் எல்லாவற்றையும் இழக்கிறார்கள்.

11. நகல் இல்லாமல் கார்டை அழிக்காதீர்கள்

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி வீட்டுக்கும் பொருந்தும்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். எடிட் நடக்கும்போது எஸ்எஸ்டியில் ஒன்று, கிடங்கு டிஸ்க்கில் ஒன்று, அக்கா வீட்டிலோ அலுவலகத்திலோ இன்னொரு டிஸ்க்கில் ஒன்று. ரெய்டு, அதாவது இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் அமைப்பு, நகல் ஆகாது, ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்தக் கணமே அழியும். யூடியூபில் ஏற்றியதும் நகல் ஆகாது, அது மறுபடி சுருக்கப்பட்டது.

நகலெடுக்கும்போது இழுத்துப் போடுவதைவிடச் சரிபார்க்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். விண்டோசில் டெராகாப்பியின் வெரிஃபை, ரிசால்வில் குளோன் டூல். மூலமும் நகலும் ஒன்றா என்று அவை ஒப்பிட்டுப் பார்க்கும்.

நீண்ட காலக் கிடங்குக்கு எஸ்எஸ்டி வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதிலுள்ள தரவு மெல்லக் கசியும். சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த தரநிலை, எழுதும் ஆயுள் முடிந்த எஸ்எஸ்டியிடம் 30 டிகிரி வெப்பத்தில் எதிர்பார்ப்பது ஓராண்டுதான். புதியது அதைவிட நன்றாகவே தாங்கும், ஆனால் நம் ஊர்ச் சித்திரை மாதத்து அலமாரிக்குள் வெப்பம் 30 டிகிரியில் நிற்காது.

கிடங்கு டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை இணைத்து, 05, சி5, சி6 வரிகளைப் பார்த்து, சில கோப்புகளை ஓட்டிப் பாருங்கள். அந்த எண்களில் ஏதாவது பூஜ்யத்திலிருந்து நகர்ந்திருந்தால் அன்றைக்கே புதிய டிஸ்க் வாங்கி 8-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். பழையதை அழிப்பது, புதியதில் வெரிஃபை முடிந்த பிறகு.